வெளிநாட்டுத் தொடர்பு உள்ளவர் அதிபராக முடியுமா? நீங்களே சரிபார்த்துக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

தேர்தல் வந்தால் போதும், எங்காவது ஒரு வேட்பாளரின் பிறப்புச் சான்றிதழை வைத்து ஒரு சண்டை ஆரம்பித்துவிடும். ஒபாமா கென்யாவில் பிறந்தவர் என்றார்கள். கமலா ஹாரிஸுக்கு அம்மா சென்னை, அப்பா ஜமைக்கா, அப்புறம் எப்படி நிற்கலாம் என்றார்கள். இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு ஈலான் மஸ்க் ஏன் நேரடியாக நின்றுவிடக்கூடாது என்று கேட்பவர்களும் உண்டு. இதற்கெல்லாம் "முடியும்", "முடியாது" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தை, அதாவது ஆள் எங்கே பிறந்தார் என்பதை. அது தேவையான கேள்விதான், ஆனால் பல வழக்குகளில் அதை வைத்து ஒன்றுமே முடிவாகவில்லை. ஒரு பாப் பாடகரை வீழ்த்தியது அவர் குடியிருந்த இடம், ஒரு வங்கித் தலைவரை வீழ்த்தியது அவர் 38 வருடம் முன்னால் வாங்கிய பாஸ்போர்ட், நோபல் பரிசு வாங்கியவரை வீழ்த்தியது அவருடைய பிள்ளைகளின் குடியுரிமை.

ஆகவே வரிசையாகப் பார்ப்போம். (நம் பத்திரிகைகள் அமெரிக்காவுக்கு அதிபர் என்றும் இலங்கைக்கு ஜனாதிபதி என்றும் இந்தியாவுக்குக் குடியரசுத் தலைவர் என்றும் எழுதுகின்றன, நானும் அப்படியே எழுதுகிறேன், குழம்ப வேண்டாம்.)

முதல் படி: சட்டத்தில் இருக்கும் சொல்லைக் கண்டுபிடியுங்கள்

அந்த நாட்டின் அரசியல் சாசனத்தில் அதிபர் தகுதிப் பிரிவு பெரும்பாலும் நாலைந்து வரிதான் இருக்கும். அதை எடுத்து, "குடிமகன்" என்று மட்டும் இருக்கிறதா, "பிறப்பால் குடிமகன்" என்று இருக்கிறதா, அதற்கும் மேலே போய்ப் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் வரை இழுத்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றில் எது என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்தியா முதல் வகை. சாசனத்தின் 58வது பிரிவு, இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிறைந்திருக்க வேண்டும், மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தகுதி வேண்டும், அரசாங்கத்தில் ஆதாயம் தரும் பதவியில் இருக்கக்கூடாது என்கிறது. பிறப்பைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. வெளிநாட்டில் பிறந்து பிறகு இந்தியக் குடியுரிமை வாங்கிய ஒருவர் இங்கே குடியரசுத் தலைவராகலாம், பிரதமராகவும் ஆகலாம். 2004ல் சோனியா காந்தி பிரதமர் பதவியை வேண்டாம் என்றபோது சட்டம் தடுத்ததால்தான் ஒதுங்கினார் என்று பலரும் இன்றுவரை நம்புகிறார்கள், அப்படி ஒரு சட்டமே இல்லை. அரசியல் எதிர்ப்பு இருந்தது, அது வேறு.

அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், பெரு எல்லாம் இரண்டாவது வகை. மியான்மர், மெக்சிகோ மூன்றாவது வகை. சண்டை பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டு வகையிலும்தான்.

இரண்டாம் படி: பிறந்த மண்

அமெரிக்க சாசனத்தின் இரண்டாவது ஷரத்து "நேச்சுரல் பார்ன் சிட்டிசன்" என்கிறது, அதோடு 35 வயது, 14 வருட வசிப்பு. அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சாசனம் எங்கேயும் விளக்கவில்லை. 1787ல் நாட்டை நிறுவிய தலைவர்களில் ஒருவரான ஜான் ஜே, ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதி, படைத் தலைமை பிறப்பால் குடிமகனாக இல்லாத எவர் கைக்கும் போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஐரோப்பாவிலிருந்து ஏதாவது ஒரு இளவரசரைக் கூட்டிவந்து உட்கார வைத்துவிடுவார்களோ என்கிற அந்தக் காலத்துப் பயம் அது.

இந்த விதியில் ஒரு விஷயம் தெளிவு: பின்னால் விண்ணப்பம் போட்டுக் குடியுரிமை வாங்கியவர் அதிபராக முடியாது, எத்தனை வருடம் ஆனாலும் சரி. ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் 1947ல் ஆஸ்திரியாவில் பிறந்தார், 1983ல் அமெரிக்கக் குடிமகனானார், 2003 முதல் 2011 வரை கலிஃபோர்னியா ஆளுநராகவும் இருந்தார். ஆளுநராகலாம், செனட்டராகலாம் (அதற்கு 9 வருடக் குடியுரிமை போதும்), வெள்ளை மாளிகை மட்டும் கிடையாது. ஈலான் மஸ்க் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்து 2002ல் குடியுரிமை பெற்றவர், எனவே அவரும் இல்லை. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால், டெல்லியில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி, உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்து நியூயார்க் மேயரான ஸோரான் மம்தானி எல்லாருக்கும் இதே சுவர்தான்.

மறுபக்கம், அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களுக்குப் பெற்றோரின் நாடு ஒரு பிரச்சினையே இல்லை. 1868ல் வந்த 14வது திருத்தமும், சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் வழக்கில் 1898ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும்தான் அதற்கு அடிப்படை. வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் மாதிரிச் சில விலக்குகள் உண்டு. ஓக்லாந்தில் பிறந்த கமலா ஹாரிஸ், சின்சினாட்டியில் பிறந்த விவேக் ராமசாமி, தென் கரோலினாவில் பிறந்த நிக்கி ஹேலி, லூசியானாவில் பிறந்த பாபி ஜிண்டால் நாலு பேரும் தாராளமாக நிற்கலாம், நாலு பேருமே அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கியும் பார்த்துவிட்டார்கள். சினிமாக்காரர்களில் "தி ராக்" ட்வைன் ஜான்சன் பெயர் அடிக்கடி அடிபடுகிறதே, அவர் கலிஃபோர்னியாவின் ஹேவார்டில் பிறந்தவர், அவருக்கும் தடையில்லை.

மூன்றாம் படி: பெற்றோர், அப்புறம் பிறந்த நாளன்று அமலில் இருந்த சட்டம்

இங்கேதான் நிதானம் வேண்டும், பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான். வெளிநாட்டில் பிறந்தவர் என்றாலே தகுதி போயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பிறந்த நொடியிலேயே, விண்ணப்பம் எதுவும் இல்லாமல், பெற்றோர் வழியாகக் குடியுரிமை வந்துவிட்டதா என்று கேட்க வேண்டும். அதற்கு இன்றைய சட்டத்தைப் புரட்டிப் பயனில்லை, அவர் பிறந்த தேதியில் என்ன சட்டம் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

டெட் குரூஸ் 1970 டிசம்பரில் கனடாவின் கால்கரியில் பிறந்தார். அப்பா கியூபாக்காரர், அம்மா டெலவேரில் பிறந்த அமெரிக்கர். அப்போது அமலில் இருந்த 1952ஆம் வருடச் சட்டப்படி, பெற்றோரில் ஒருவர் மட்டும் அமெரிக்கர் என்றால் அவர் 10 வருடம் அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும், அதிலும் 5 வருடம் 14 வயதுக்குப் பிறகு. குரூஸின் அம்மா அந்தக் கணக்கைச் சுலபமாகத் தாண்டுகிறார், ஆகவே மகன் பிறப்பிலேயே குடிமகன். 2016ல் அவர் நின்றபோது பென்சில்வேனியா நீதிமன்றம் தகுதி உண்டு என்றே தீர்ப்பளித்தது.

இப்போது இதே கணக்கை ஒபாமாவுக்குப் போட்டுப் பாருங்கள். அவர் 1961 ஆகஸ்ட் 4ல் ஹொனலுலுவில் பிறந்தவர், சான்றிதழை 2011ல் வெள்ளை மாளிகையே முழுசாக வெளியிட்டது, சந்தேகமே இல்லை. ஆனால் வதந்தி கிளப்பியவர்கள் சொன்ன மாதிரி கென்யாவில் பிறந்திருந்தால்? அம்மாவுக்கு அப்போது வயது 18. 14 வயதுக்குப் பிறகு 5 வருடம் என்றால் குறைந்தது 19 ஆகியிருக்க வேண்டும். மணமான தாய்க்கான அந்த விதியில் சில மாதங்கள் குறைந்திருக்கும். வெளிநாட்டில் பிறந்தும் குரூஸ் தகுதியானவர், அதே சட்டத்தில் ஒபாமா வெளிநாட்டில் பிறந்திருந்தால் தகுதியில்லாதவர். வித்தியாசம் அம்மாவின் வயதில் இருக்கிறது, ஊரில் இல்லை. 1986ல் அந்தக் காலக்கெடுவை 5 வருடம், 14 வயதுக்குப் பிறகு 2 வருடம் என்று தளர்த்தினார்கள், ஆனால் அது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குத்தான்.

2008ல் ஒபாமாவை எதிர்த்து நின்ற ஜான் மெக்கெய்ன் 1936ல் பனாமா கால்வாய் மண்டலத்தில் ஒரு கடற்படைத் தளத்தில் பிறந்தார், அப்பா அம்மா இருவரும் அமெரிக்கர்கள். கால்வாய் மண்டலத்தில் பிறந்தவர்களின் குடியுரிமையைத் தெளிவாக்கிய சட்டம் 1937ல்தான் வந்தது என்பதால் சட்டப் பேராசிரியர்கள் இதை வைத்து நிறைய எழுதினார்கள். 2008ல் செனட் எதிர்ப்பே இல்லாமல் அவர் பிறப்பால் குடிமகன் என்று ஒரு தீர்மானம் போட்டது. தீர்மானம் சட்டமாகாது, ஆனால் அரசியலில் பேச்சு அடங்கிவிட்டது. 2012ல் நின்ற மிட் ராம்னியின் அப்பா ஜார்ஜ் ராம்னியும் மெக்சிகோவில் பிறந்தவர், 1968ல் வேட்பாளராகப் பார்த்து பாதியில் விலகினார், அதனால் கேள்வி கேள்வியாகவே நின்றது. நேரடியாக உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வைத்ததே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். நிபுணர்களில் பெரும்பாலானோர் "பிறந்தபோதே குடிமகன் என்றால் போதும்" என்கிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான். இந்தக் கணக்குப்படி ஜெர்மனியில் அமெரிக்கச் சிப்பாய்க்குப் பிறந்த ப்ரூஸ் வில்லிஸ் மாதிரி நடிகர்களுக்கும் பிறந்த ஊர் மட்டுமே தடையாகாது, ஸ்வார்ஸ்நெகருக்குத்தான் தடை.

சினிமாவும் குடியுரிமையும் நிஜமாகவே மோதிக்கொண்ட இடம் என்றால் அது பிலிப்பைன்ஸ். அங்கே மக்கள் திலகம் அளவுக்குக் கொண்டாடப்பட்ட நடிகர் ஃபெர்னாண்டோ போ ஜூனியர் 2004ல் அதிபர் தேர்தலில் நின்றார். அம்மா அமெரிக்கர், அப்பா பிலிப்பினோ, ஆனால் அவர் பிறந்த 1939ல் பெற்றோருக்குச் சட்டப்படித் திருமணம் ஆகியிருக்கவில்லை, அப்படியிருக்க அப்பா வழிக் குடியுரிமை எப்படி வரும் என்று வழக்கு. நீதிமன்றம் தாத்தா வரை போனது. தாத்தா 1954ல் 84 வயதில் பங்கசினானில் இறந்தார் என்று இறப்புச் சான்றிதழ் சொன்னது. வேறு ஆதாரம் இல்லாதபோது ஸ்பெயின் ஆட்சி முடிந்த நாட்களிலும் அவர் அங்கேயே இருந்திருப்பார் என்று எடுத்துக்கொண்டு, 1902ஆம் வருடச் சட்டத்தால் அவர் பிலிப்பினோ, எனவே மகன் பிலிப்பினோ, 1935 சாசனம் அப்பா பிலிப்பினோவாக இருந்தால் போதும் என்கிறது, திருமணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, எனவே பேரனும் பிலிப்பினோ என்று போய் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அவர் தேர்தலில் தோற்றார், அது மக்களின் கணக்கு.

கதை அதோடு முடியவில்லை. அவருடைய வளர்ப்பு மகள் கிரேஸ் போ 2016ல் நின்றார். இவர் 1968ல் இலோய்லோவில் ஒரு தேவாலயத்தில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை. பெற்றோர் யாரென்றே தெரியாதவர் எப்படிப் பிறப்பால் குடிமகள் ஆவார்? தேர்தல் ஆணையம் அவருடைய மனுவை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் 9க்கு 6 என்று அதைத் திருப்பியது. அந்தக் காலகட்டத்தில் பிலிப்பைன்ஸில் பிறந்த குழந்தைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் பிலிப்பினோக்கள் என்ற புள்ளிவிவரம்கூட அங்கே வாதமாக வைக்கப்பட்டது. குடும்பத்தில் ஒருவருக்குத் தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், இன்னொருவருக்குப் புள்ளிவிவரம்.

நாலாம் படி: கையில் இன்னொரு பாஸ்போர்ட் இருக்கிறதா?

பிறப்பால் குடிமகன் என்று உறுதியானதும் நிம்மதியாகிவிடாதீர்கள். பல நாடுகளில் இரட்டைக் குடியுரிமையே தனித் தடை.

இலங்கையில் 2015ல் வந்த 19வது திருத்தம் இரட்டைக் குடியுரிமை உள்ளவர் ஜனாதிபதியாக முடியாது என்றது. கோட்டாபய ராஜபக்ஷ 2003ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். 2019ல் நிற்க வேண்டுமென்றால் அதை விட்டாக வேண்டும், விட்டார். அதற்குப் பிறகும் அவருடைய இலங்கைக் குடியுரிமை ஒழுங்காகத் திரும்ப வாங்கப்பட்டதா என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது, மனுத் தாக்கலுக்குச் சில நாள் முன்னால்தான் தள்ளுபடியானது.

ஜார்ஜியாவின் சலோமே ஸூராபிஷ்விலி பாரிஸில் பிறந்தவர், பிரான்ஸ் நாட்டின் தூதராகவே ஜார்ஜியாவுக்கு வந்தவர். 2013ல் இரட்டைக் குடியுரிமை என்று சொல்லி மனுவை நிராகரித்தார்கள். 2018ல் பிரெஞ்சுக் குடியுரிமையை விட்டுவிட்டு வந்து நின்றார், ஜெயித்தார்.

இவர்களைப் பார்த்துவிட்டு "விட்டால் சரியாகிவிடும்" என்று நினைத்தால், ஐவரி கோஸ்ட்டின் டிஜான் தியாம் கதையைப் படியுங்கள். கிரெடிட் சுவிஸ் வங்கியின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். 2025 தேர்தலுக்காகப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்தார். ஆனால் நீதிமன்றம் வேறு பக்கத்தைப் புரட்டியது: 1987ல் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியபோதே, 1960களின் பழைய சட்டப்படி, அவருடைய ஐவரி கோஸ்ட் குடியுரிமை தானாகவே போய்விட்டது என்றது. வாக்காளர் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிட்டார்கள். எனவே பார்க்க வேண்டியது இரண்டு: இரண்டாவது குடியுரிமையை எப்போது விட்டார் என்பது ஒன்று, அதை வாங்கிய அன்று சொந்தக் குடியுரிமை மிஞ்சியதா என்பது இன்னொன்று. இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. இந்தியாவிலும் இதே கதைதான், வேறு நாட்டுக் குடியுரிமையை நாமாக வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது.

அமெரிக்க சாசனத்தில் இரட்டைக் குடியுரிமைக்குத் தடை இல்லை. குரூஸ் 2014ல் கனடியக் குடியுரிமையை விட்டது அரசியலுக்காக, சட்டத்துக்காக அல்ல. பெருவின் ஃபுஜிமோரி பத்து வருடம் அதிபராக இருந்துவிட்டு, 2000ல் டோக்கியோவில் உட்கார்ந்து ஃபேக்ஸில் ராஜினாமா அனுப்பினார். பிறந்தபோது பெற்றோர் ஜப்பானியத் தூதரகத்தில் பதிவு செய்திருந்ததால் அவர் ஜப்பானியக் குடிமகன்தான் என்று ஜப்பான் சொன்னது. அதுவரை அவர் பெருவின் அதிபர்!

ஐந்தாம் படி: வீட்டில் யார் யார்?

மியான்மரின் 2008 சாசனம், 59 எஃப் பிரிவு. வேட்பாளர் மட்டுமல்ல, பெற்றோர், துணைவர், பிள்ளைகள், பிள்ளைகளின் துணைவர் யாருமே வெளிநாட்டுக் குடிமக்களாக இருக்கக்கூடாது. நோபல் பரிசு வாங்கிய ஆங் சான் சூ கியின் கணவர் மைக்கேல் ஏரிஸ் பிரிட்டிஷ்காரர், 1999லேயே இறந்துவிட்டார், மகன்கள் இருவரும் பிரிட்டிஷ் குடிமக்கள். முடிந்தது கதை. இப்படிக் குடும்பத்தை இழுக்கும் விதிகள் அபூர்வம், ஆனால் இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் படி: எங்கே குடியிருந்தார்

பிரபலங்கள் அதிகமாக விழுவது இங்கே, ஏனென்றால் அவர்கள் வாழ்க்கையே சூட்கேஸில்தான். ஹெய்ட்டியில் பிறந்து ஒன்பது வயதில் அமெரிக்கா போன பாடகர் வைக்லெஃப் ஜான் 2010ல் ஹெய்ட்டி அதிபர் தேர்தலுக்கு மனுப் போட்டார். பிறப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் தேர்தலுக்கு முந்தைய ஐந்து வருடம் தொடர்ந்து நாட்டில் வசித்திருக்க வேண்டும். 2007லிருந்து ஹெய்ட்டியின் நல்லெண்ணத் தூதராக இருந்ததால் ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருந்தது என்று வாதாடினார், தேர்தல் கவுன்சில் ஏற்கவில்லை. இதில் வேடிக்கை, அந்தத் தேர்தலில் கடைசியில் ஜெயித்தவரும் ஒரு பாடகர்தான், மிஷல் மார்டெலி.

"தொடர்ந்து", "உடனடியாக முந்தைய" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று கவனமாகப் பாருங்கள். அமெரிக்க சாசனத்தில் வெறும் 14 வருடம் என்றுதான் இருக்கிறது. ஹெர்பர்ட் ஹூவர் பல வருடம் வெளிநாடுகளில் சுரங்கப் பொறியாளராக இருந்து 1917ல்தான் நிலையாகத் திரும்பினார், 1929ல் பதவியேற்றார், இடையில் 12 வருடம்தான். கேள்வி கேட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. பிலிப்பைன்ஸில் "தேர்தலுக்கு உடனடி முந்தைய 10 வருடம்". கிரேஸ் போவை உண்மையிலேயே பயமுறுத்தியது இதுதான். 2012ல் செனட் மனுவில் அவரே தன் கையால் 6 வருடம் 6 மாதம் என்று எழுதியிருந்தார். 2013 மே தேர்தலுக்கு அந்தக் கணக்கு என்றால் 2016 மேயில் 9 வருடம் 6 மாதம்தான், ஆறு மாதம் குறைகிறது. உண்மையில் 2005 மே மாதமே திரும்பிவிட்டேன், படிவத்தில் எழுதியது நேர்மையான தவறு என்றார், நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. வேறு நீதிபதிகளாக இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்களா தெரியாது. பழைய படிவங்களைத் தேடிப் படியுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வயதில் பெரிய விஷயமில்லை. எந்தத் தேதியில் வயது நிறைய வேண்டும் என்பதை மட்டும் பாருங்கள், பிலிப்பைன்ஸில் தேர்தல் நாளன்று 40, அமெரிக்காவில் பதவியேற்கும்போது 35 என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஜோ பைடன் 29 வயதில் செனட்டுக்குத் தேர்வாகி, பதவியேற்பதற்குள் 30 ஆனவர். உக்ரைன் மாதிரி சில நாடுகளில் அரசு மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றும் இருக்கும்.

ஏழாம் படி: அந்த விதி எந்த வருடம் எழுதப்பட்டது?

இதை எந்தச் சட்டப் புத்தகமும் ஒரு படியாகச் சொல்லாது, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமான படி. தகுதி விதிக்குப் பக்கத்தில் ஒரு வருடம் இருக்கும். அந்த வருடத்தில் ஆட்சியில் இருந்தவர் யார், அவருக்குப் போட்டியாக நின்றவர் யார் என்று பாருங்கள், பாதி நேரம் அந்த விதிக்கு ஒரு முகம் தெரியும்.

ஜாம்பியாவை 27 வருடம் ஆண்ட கென்னத் கவுண்டா 1991ல் தோற்று, திரும்ப வரப் பார்த்தபோது, 1996ல் பெற்றோர் இருவரும் ஜாம்பியாவைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்று திருத்தினார்கள். கவுண்டாவின் பெற்றோர் இன்றைய மலாவியிலிருந்து வந்தவர்கள். நாட்டின் தந்தை என்று சொல்லப்பட்டவருக்கு அதிபர் தகுதி இல்லை! ஐவரி கோஸ்ட்டில் 2000ல் வந்த சாசனமும் அப்பா அம்மா இருவரையும் கேட்டது, அலசான் ஒவத்தாராவின் குடும்பம் புர்கினா ஃபாசோவைச் சேர்ந்தது என்று சொல்லி அவரை ஒதுக்கினார்கள். பிறகு அவரே அதிபரானார், 2016ல் வந்த சாசனத்தில் "அப்பா அல்லது அம்மா" என்று ஆனது, ஆனால் "இன்னொரு நாட்டுக் குடியுரிமை கூடாது" என்பதும் கூடவே இருக்கிறது. தியாமைப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறக்க வைத்தது அதுதான்.

இலங்கையில் 2015ல் தடை, 2020ல் ராஜபக்ஷ ஆட்சியில் 20வது திருத்தம் வந்து தடை போனது, அமெரிக்கக் குடியுரிமையும் வைத்திருந்த பசில் ராஜபக்ஷ எம்.பி. ஆனார், 2022ல் மக்கள் போராட்டத்துக்குப் பிறகு 21வது திருத்தம் வந்து தடை திரும்பியது. ஏழு வருடத்தில் மூன்று தடவை. எனவே பழைய கட்டுரையை வைத்து இன்றைய ஆளை அளக்காதீர்கள். மெக்சிகோவில் மட்டும் கதவு திறந்தது: பெற்றோர் இருவரும் பிறப்பால் மெக்சிகர்களாக இருக்க வேண்டும் என்ற விதியை 1994ல் தளர்த்தினார்கள், அம்மா ஸ்பெயினில் பிறந்த விசென்டே ஃபாக்ஸ் 2000ல் அதிபரானார்.

எட்டாம் படி: யார் முடிவு செய்கிறார்கள், எப்போது?

பிலிப்பைன்ஸ், இலங்கை, ஹெய்ட்டி மாதிரி நாடுகளில் மனுத் தாக்கல் நேரத்திலேயே ஓர் ஆணையமோ நீதிமன்றமோ கையில் எடுத்துவிடும். அமெரிக்காவில் அப்படி ஒரு மேசையே கிடையாது. மத்தியத் தேர்தல் ஆணையம் 5,000 டாலருக்கு மேல் வசூலித்தால் அல்லது செலவழித்தால் பதிவு செய் என்று கேட்கும், எங்கே பிறந்தாய் என்று கேட்காது. கயானாவில் பிறந்து குடியுரிமை வாங்கிய ஒரு வழக்கறிஞர் 2011ல் கேட்டபோது, நீங்கள் நன்கொடை வாங்கலாம், ஆனால் அரசு தரும் இணை நிதி கிடைக்காது என்று அந்த ஆணையம் பதில் எழுதியது. 2012ல் கொலராடோ அவர் பெயரை வாக்குச்சீட்டில் போட மறுத்தது, பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன நீதிபதி கோர்சச்தான் அப்போது அந்த மறுப்பு சரி என்று எழுதினார்.

அதாவது ஒவ்வொரு மாநிலமும் தன் வாக்குச்சீட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது, சில மாநிலங்கள் கண்டுகொள்வதே இல்லை. நிகரகுவாவில் பிறந்து, கிரீன் கார்டு மட்டுமே வைத்திருந்த ஒரு இடதுசாரி வேட்பாளரின் பெயர் 2004லும் 2008லும் சில மாநிலங்களின் சீட்டில் அச்சாகியே இருந்தது. மற்ற மாநிலங்களில் கட்சி மாற்று ஆளைப் போட்டது. சாதாரண வாக்காளர் ஒருவர் வழக்குப் போட்டால், உங்களுக்குத் தனிப்பட்ட பாதிப்பு என்ன என்று கேட்டே ஃபெடரல் நீதிமன்றங்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிட்டன. 2011ல் அரிசோனா சட்டமன்றம் வேட்பாளர்கள் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தது, ஆளுநர் ஜான் ப்ரூவரே அதை ரத்து செய்தார். கடைசிக் கட்டத்தில், தேர்வாளர்களின் ஓட்டுகளை எண்ணும் ஜனவரி 6ல் நாடாளுமன்றத்தில் ஆட்சேபிக்கலாம், 2022 சட்டத்துக்குப் பிறகு இரு அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டால்தான் அதை எடுத்துக்கொள்வார்கள்.

ஒன்பதாம் படி: தடை உறுதி, அப்புறம்?

துணை அதிபராகி அந்தப் பக்கமாக ஏறலாம் என்ற யோசனை அமெரிக்காவில் செல்லாது, 1804ன் 12வது திருத்தம் அதிபர் தகுதி இல்லாதவர் துணை அதிபராகவும் முடியாது என்று அடைத்துவிட்டது. ஜெர்மனியில் பிறந்த கிஸ்ஸிங்கரும் பிராக்கில் பிறந்த மேடலின் ஆல்பிரைட்டும் வெளியுறவுச் செயலாளர்களாக, அதிபர் பதவி காலியானால் அடுத்து யார் என்ற வரிசையில் நாலாவது இடத்தில் இருந்தும், அந்த வரிசையில் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். சாசனத்தையே மாற்றலாமா? செனட்டர் ஓரின் ஹாட்ச் 2003ல் 20 வருடக் குடியுரிமை போதும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார், ஊரே அதை ஸ்வார்ஸ்நெகர் பெயரால் அழைத்தது. மூன்றில் இரண்டு பங்கு நாடாளுமன்றமும் 38 மாநிலங்களும் வேண்டும், முதல் படியைக்கூட அது தாண்டவில்லை.

சூ கி வேறு வழி கண்டுபிடித்தார். 59 எஃப் பிரிவைத் திருத்த நாடாளுமன்றத்தில் 75 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வேண்டும், 25 சதவீத இடங்கள் ராணுவத்துக்கு, எனவே ராணுவம் தலையாட்டாமல் அது நடக்காது. 2015ல் முயன்று பார்த்துத் தோற்றார்கள். அந்த வருடத் தேர்தலில் கட்சி ஜெயித்ததும் பள்ளிக்கால நண்பர் தின் சோவை அதிபராக்கிவிட்டு, அதற்கு முன் இல்லாத "அரசு ஆலோசகர்" என்ற பதவியைத் தனக்காக உருவாக்கிக்கொண்டார். நான் அதிபருக்கு மேலே இருப்பேன் என்று தேர்தலுக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். 2021 பிப்ரவரி 1ல் ராணுவம் ஆட்சியைப் பிடிக்கும் வரை அந்தப் பதவியில்தான் இருந்தார்.